இறங்கிய இடத்திலேயே ஏறுவது

கிள்ளானில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. காலையில் என் வீடு இருக்கும் கோல சிலாங்கூரில் காரில் ஏறி உட்கார்ந்தால், ஜெரம், காப்பார் எல்லாம் தாண்டி, துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் என் கால் தரையில் படும். சாயங்காலம் அதே மாதிரி திரும்புவேன். கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் அலுவலகம் அது. என் பதவிக்கு இப்போது ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் நான் கிராணிதான். தோட்டத்தில் கிராணி என்றால் நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர். மகன் நிழலில் உட்காருகிறான் என்பது அவளுக்குப் போதும்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்று, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடிக்கத் தேதி குறித்தபோது, அம்மா இரண்டு பையோடும் ஒரு தையல் மெஷினோடும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவளுக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. ரப்பர் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்குப் போய், நாற்பது வருடம் நடந்த கால்கள். அந்தக் கால்களைக் கொண்டுவந்து, வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமான் குடியிருப்பில், இரும்புக் கேட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். எங்கள் தாமானில் யாரும் நடப்பதில்லை. எதிர் வீட்டுக்காரர் முச்சந்திக் கடையில் ரொட்டி வாங்கக்கூடக் காரை எடுப்பார்.

மூன்று வாரம் அம்மா பொறுத்துப் பார்த்தாள். நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தது. ஏது என்று கேட்டேன்.

"கிள்ளான்ல வாங்கினேன்."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"பஸ்ஸுதான் கூட்டிட்டுப் போச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். காலையில் குடையோடு கிளம்பிப் போனார், கோயிலுக்கு என்று நினைத்தேன் என்றாள். பஸ் நிலையம் எங்கே, எத்தனை மணிக்கு வண்டி, கார்டை எங்கே தட்ட வேண்டும், எதையும் அம்மா எங்களிடம் கேட்கவில்லை. வயதானவர்களுக்கான அந்தப் பச்சை நிற பஸ் கார்டைக்கூட அவளே எங்கேயோ விசாரித்து, அடையாள அட்டையைக் காட்டி எடுத்து வந்துவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறும் கோத்திருந்தாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்குக் கிள்ளான் நாள். போக ஒரு காரணம் வேண்டுமே என்று முதலில் ஏதாவது சொல்லுவாள். ரவிக்கைத் துணி, சாமிக்குப் பூ, வெற்றிலை. பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைக்கு நடந்த கதை வரும். கோட்டா பாலத்தில் கார் ஓடுகிற தளத்துக்குக் கீழே நடக்கிறவர்களுக்கென்று இன்னொரு தளம் இருக்கிறது, தலைக்கு மேலே வண்டி ஓடினால் பாலம் தடதட என்று ஆடும், ஆற்றுக்காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகும் என்பாள். எந்தக் கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடையில் நிழலிலேயே நடந்து போகலாம், எந்த அஞ்சடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் சாக்கடையில் போய் முடிகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பஸ் சில நாள் முக்கால் மணி நேரம் வராது. அப்போது யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஒரு தனிக் கதை. மேருவிலிருந்து வரும் ஒரு ஜாவாக்காரப் பெண் இவளுக்கு மரவள்ளிக் கிழங்கு கொடுத்திருக்கிறாள். இவள் பதிலுக்கு முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

நான் இதையெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதுகூடப் பொய். காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா, "ஒன் ஆபீசு எந்தப் பக்கம் தம்பி, கப்ப நிக்கிற எடத்துக்குக் கிட்டவா?" என்று கேட்டாள். "அங்கெல்லாம் லோரி ஓடுற எடம்மா, நீ வர முடியாது," என்று சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் அவளை ஒரு தடவைகூட நான் அங்கே கூட்டிப் போனதில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் பதில் இருக்கிறது, சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அலுவலகத்தில் நான் நன்றாக ஆங்கிலம் பேசுவேன். அவள் வந்து நின்றால் தோட்டத்துத் தமிழில் பேச வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வரும் பஸ் செம்மண் ரோட்டில் உள்ளே நுழைந்து, தொழிற்சாலை வரைக்கும் போய், அங்கே வட்டமடித்துத் திரும்பி அதே ரோட்டில் வெளியே போகும். அதற்கு மேல் ரோடே கிடையாது. ரோட்டின் ஒரு பக்கம் லயம், மறு பக்கம் பெரிய காண், தண்ணீர் ஓடும் வடிகால். காண் ஓரத்தில் யாரும் நிற்க முடியாது. அதனால் வருகிற பஸ்ஸுக்கும் போகிற பஸ்ஸுக்கும் ஒரே நிறுத்தம்தான். இறங்கிய இடத்திலேயே நின்று ஏறுவோம். எந்தப் பக்கம் என்ற கேள்வியே எங்களுக்குப் பிறந்ததில்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் டவுனில் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள். நானே பதினேழு வயதில் ரவாங்கில் செய்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கிள்ளான் பஸ் நிலையத்தில் ஏறி, அங்கேயே இறங்கிய வரைக்கும் அம்மாவுக்குச் சிக்கல் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான், லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அத்தை ஒருவர் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போனாள். பஸ் நிலையத்திலிருந்து துறைமுகம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினாள். அத்தைக்கு ஹார்லிக்ஸ் கொடுத்தாள், கதை பேசினாள், பார்வையாளர் நேரம் முடிந்ததும் கிளம்பினாள். கிளம்பி, இறங்கிய இடத்திலேயே வந்து நின்றாள். அதே நம்பர் பஸ் வந்தது. ஏறினாள்.

சாயங்காலம் நாலேகாலுக்கு என் மனைவி கூப்பிட்டாள். மூன்றரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவரைக் காணவில்லை, கைப்பேசி சமையலறையிலேயே சார்ஜில் கிடக்கிறது என்றாள். மேலாளரிடம் அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தையைப் பார்த்தேன். அப்போதே போய்விட்டாள் என்றார். டவுனுக்குள் அன்றைக்கு நெரிசல் அப்படி. கார் நகரவே இல்லை. ஒரு பேரங்காடியில் காரைப் போட்டுவிட்டு, நடந்து தேடினால்தான் கண்ணில் படுவாள் என்று இறங்கி நடந்தேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அந்த ஊரில் நடக்கத் தெரியாது. ஆறு வரிசையில் வண்டி ஓடும் சாலையை எங்கே கடப்பது என்று தெரியவில்லை. மேம்பாலம் தூரத்தில் தெரிந்தது. அதற்குப் போகிற வழி தெரியவில்லை. நடைபாதையை நம்பிப் போனால் அது ஒரு சாக்கடையின் உடைந்த மூடியில் முடிந்தது. ஒரு கால் உள்ளே போய், சப்பாத்து நாறிப்போனது. அம்மா இதையெல்லாம் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள், எந்த இடம் என்று பெயரோடு சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்திரிகை விற்கும் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். குடை, கழுத்தில் பச்சைக் கார்டு, வயதான இந்திய அம்மா என்று மலாயில் அடையாளம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார்.

"செவ்வாய், வெள்ளி வருவாங்களே, அந்த அம்மாவா? காலையில போனாங்க. இன்னும் திரும்பல." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் மகனா? கிராணி?"

ஆமாம் என்றேன். இருபத்திரண்டு வருடம் நான் வேலை பார்த்த ஊரில் என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் ஆள் அவர்தான். அதுவும் அம்மாவை வைத்து. அதற்குச் சந்தோஷப்பட வேண்டிய மனிதன் நான், எரிச்சல்தான் பட்டேன். ஊரெல்லாம் கதை சொல்லி வைத்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

ஒரு மணி நேரம் அந்த நிலையத்தில் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். லோரி அடித்து எங்காவது கிடக்கிறாளோ என்று ஒரு நினைப்பு. எவனாவது சங்கிலியை அறுத்துத் தள்ளிவிட்டிருப்பானோ என்று இன்னொரு நினைப்பு. பயந்தேன், உண்மை. ஆனால் பயத்தோடு கூடவே இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது: ரவாங்கில் இருக்கும் என் தங்கைக்கு என்ன பதில் சொல்வது, அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள், போலீஸ் நிலையத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும். ஆறரை மணிக்குத் துறைமுகத்திலிருந்து வரும் பஸ் வந்து நின்றது.

அம்மா முன் வாசல் வழியாக இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஆனால் அந்த முகம் நான் கொஞ்ச காலமாகப் பார்க்காத முகம். என்னைப் பார்த்ததும் கண்ணெல்லாம் மலர்ந்து, "தம்பி! கப்பலப் பாத்துட்டேன்டா! எவ்ளோ பெருசு! அப்பறம் ஒன்..." என்று ஆரம்பித்தாள்.

கப்பல் என்றதுமே எதிர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள் என்று தெரிந்துபோனது. முடிக்க விடவில்லை.

"ஒனக்கு அறிவு இருக்கா? ரெண்டு மணி நேரமா நாயா அலையிறேன்! எந்தப் பக்கம் நிக்கணும்னுகூடத் தெரியாத ஒனக்கு எதுக்கு கிள்ளான்? எஸ்டேட்டு புத்தி போவுதா பாரு!"

கத்தினேன். வேலை விட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்த முகங்கள் அதில் இருந்திருக்கும். அந்த ஜாவாக்காரப் பெண்கூட இருந்திருக்கலாம். அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. கையிலிருந்த குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஓட்டுநர் ஓர் இளைஞர், மலாய்க்காரர். இறங்கி வந்து, "அண்ணே, கோவப்படாதீங்க. அம்மா தொலையல. தப்பான பக்கம் ஏறிட்டாங்க, அவ்வளவுதான். கடைசி ஸ்டாப்புல சொன்னேன், சரி, வந்தது வந்துட்டேன், கடலப் பாத்துட்டு வரேன்னாங்க. மறுபடி என் பஸ்ஸுலயே ஏறி வந்துட்டாங்க," என்று மலாயில் சொன்னார்.

"ஒன் வேலையப் பாரு," என்றேன் அவரிடம்.

காரில் ஏறி, கிள்ளானைத் தாண்டி, மேருவையும் தாண்டினோம். காப்பார் வந்தபோது அம்மா மெதுவாக, "நா தொலஞ்சு போவல தம்பி," என்றாள்.

"பேசாதம்மா."

ஜெரம் சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றபோது, "அந்தக் கார்ட குடு," என்று கையை நீட்டினேன். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பிடுங்கி, அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கிக் காரின் சின்ன அறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. அலுவலகக் கேட்டில் காரை நிறுத்தியதும், எங்கள் காவலாளி, நேப்பாளக்காரர், கூண்டிலிருந்து ஓடி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே இறால் அப்பளம் மாதிரியான கெரோப்போக், வறுக்காதது, ஒரு பெரிய கட்டு.

"நேத்து ஒங்கம்மா குடுத்துட்டுப் போனாங்க, சார்," என்றார் மலாயில்.

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னேன்.

நான் காரை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அம்மா அந்தக் கேட்டுக்கு வந்திருக்கிறாள். கப்பல்துறையிலிருந்து நடந்து. லோரிகள் ஓடும் அந்தச் சாலையில், ஓரமாக, குடையைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என் அலுவலகத்தின் பெயர்கூட அவள் வாயில் சரியாக வராது. ஆனால் என் அலுவலகச் சட்டையைத் துவைப்பது அவள்தான். பையில் தைத்திருக்கிற அந்த நீலக் கப்பல் படம் அவளுக்குத் தெரியும். நீலக் கப்பல் போட்ட கேட்டு எங்கே என்று லோரிக்காரர்களிடமும் சாப்பாட்டுக் கடையிலும் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். சார் இப்போதுதான் அவசரமாக வெளியே போனார் என்று காவலாளி சொன்னதும், பாவம், வேலை அதிகம் போலிருக்கிறது என்றாளாம். போன் போடட்டுமா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம், வேலையில் இருக்கும்போது தொந்தரவு பண்ணக் கூடாது என்றாளாம்.

"ஒங்க சன்னல் எதுன்னு கேட்டாங்க சார். மேல, ரெண்டாவதுன்னு காட்டினேன். வேலிக்கிட்ட நின்னு பாத்தாங்க, ரொம்ப நேரம். உள்ள சூடா இருக்காதான்னு கேட்டாங்க. ஏர்கோன் இருக்குன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்பறம் போயிட்டாங்க."

நான் பையை வாங்கிக்கொண்டு மேலே போனேன். என் மேசையில் உட்கார்ந்து அந்தச் சன்னல் வழியாக வேலியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. பஸ் நிலையத்தில் அவள் "அப்பறம் ஒன்" என்று ஆரம்பித்தது எதை என்று எனக்கு அப்போது புரிந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் என்னைத் தேடிக் கண்டுபிடித்தவளை, வழி தெரியாதவள் என்று ஊர் முன்னால் நிற்க வைத்துக் கத்தியிருக்கிறேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் கார்டையாவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. கெரோப்போக்கை அலுவலகச் சமையலறையில் கொடுத்தேன். யாரோ வறுத்தார்கள். எல்லாரும் தின்றார்கள், நல்லா இருக்கு லா என்றார்கள். வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மாவும் கேட்கவில்லை. பை கைக்கு வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு ஆதரவுக்குப் பஞ்சமில்லை. தங்கை, "நல்ல வேல செஞ்சண்ணே, இந்தக் காலத்துல யாரு நம்ம அம்மாவ வெளிய விடுவா," என்றாள். மனைவி, "எனக்கும் நிம்மதி," என்றாள். எல்லாருக்கும் நிம்மதி. செவ்வாயும் வெள்ளியும் வந்து போயின. அம்மாவைக் காரில் கூட்டிப் போகிறேன் என்று நானே சொல்லியிருந்தேன். அந்த வருடத்தில் மூன்று முறை கூட்டிப் போயிருப்பேன். மூன்று முறையும் அவசரம். சாமான் வாங்கும் வரை காரிலேயே இரு என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நடக்காத கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னபோது அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு ஞானம் வந்தது. காரின் அறையைக் கிண்டி அந்தப் பச்சைக் கார்டை எடுத்துத் துடைத்து, கயிறை மாற்றி, அவள் கையில் வைத்தேன். அன்றைக்குத்தான், இரண்டு வருடம் கழித்து, கேட்டில் காவலாளி சொன்னதையும் சொன்னேன். மன்னித்துக்கொள் அம்மா என்றும் சொன்னேன்.

அம்மா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றாள். "நீ பயந்துட்ட. அதுக்குத்தான் சத்தம் போட்ட. நீயே வெச்சிக்க தம்பி. நா போனா ஒனக்கு டென்ஷன்."

கப்பல் பார்க்கப் போகலாமா, நானே கூட்டிப் போகிறேன், என் சன்னலுக்கு உள்ளே வந்து உட்காரலாம் என்று கெஞ்சினேன். பாத்தாச்சே என்றாள்.

எனக்கு வலிப்பது அதுகூட இல்லை. தோட்டத்தில் இருந்தவரைக்கும் வெளியே போக வேண்டுமானால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்பாள். வீட்டில் அப்பாவிடம் கேட்பாள். யாரையும் கேட்காமல் அவள் வாசலைத் தாண்டியது அந்த எட்டு மாதம்தான், அந்தக் கிள்ளான் நாட்கள்தான். அது இப்போது அவள் பேச்சிலிருந்தே போய்விட்டது. தினமும் சாயங்காலம் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பாள். கேட்டு வரைக்கும் பத்தடிகூட இருக்காது.

"தம்பி, கேட்டுக்கிட்ட கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?"

கேட்காமல் போம்மா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சரி என்பாள். மறுநாள் மறுபடி வந்து நிற்பாள். நான் பதில் சொல்லும் வரை நகர மாட்டாள். அதனால் தினமும் நான் அவளுக்கு அனுமதி கொடுக்கிறேன்.